சூட்டோடு எடுக்கக் கூடாது

ராஜபாளையம்
குரோதி வருடம், தை 12

மதிப்பிற்குரிய சாம்சன் அவர்களுக்கு,

பாண்டி ரீவைண்டிங் ஒர்க்ஸ் அதிபரும், சேத்தூர் முதல் செட்டியார்பட்டி வரை ஓடுகிற அத்தனை கிணற்று மோட்டார்களுக்கும் உயிர் கொடுத்தவனுமான விஜயபாண்டி எழுதுவது. நான் இரும்பு மாதிரி இருக்கிறேன். இரும்பும் துருப்பிடிக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு மேலே போகிறேன்.

பக்கத்து ஊரில் இருந்துகொண்டு கடிதமா என்று தாங்கள் திகைக்கலாம். என் அக்கா செத்த பொறவு நான் தோளில் தூக்கி வளர்த்த அவள் மகள் மாரீஸ்வரி, இரண்டு வருடம் முன்பு என்னைக் கேட்காமல் தங்கள் கையைப் பிடித்தாள் அல்லவா. அன்றைக்குப் பழைய பஸ் ஸ்டாண்டில் டீக்கடை, பூக்கடை, தென்காசி பஸ் பயணிகள் சகலரும் சாட்சியாக, "இனி அவகூடயும் அவ புருசன்கூடயும் பேசினா என் நாக்கு அழுகிப் போகட்டும்" என்று சபதம் செய்தேன். போனிலும் இரண்டு நம்பரையும் பிளாக் பண்ணினேன். இப்போது ஆராய்ந்து பார்த்ததில் சபதம் முழுக்க நாக்கைப் பற்றியதாகவே இருக்கிறது. கையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஆகவே எழுதுகிறேன்.

விஷயம் இது. தங்களோடு மில்லில் வேலை பார்க்கும் கௌதம்ராஜ் ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கட்டைவிரல் தண்டி. யானை தண்டி மோட்டாருக்கெல்லாம் காயில் சுற்றியவனிடம் கொசுவுக்குக் கொலுசு கேட்டது போல் ஆயிற்று. பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு சுற்றி முடித்த பிறகுதான் "இது சாம்சன் அண்ணனுது" என்கிறார். முதலிலேயே சொல்லியிருந்தால் தலைகீழாகச் சுற்றியிருப்பேன்.

ஒன்றை மட்டும் தெரிவிக்கவும். இத்தனூண்டு மோட்டாரை வைத்துக்கொண்டு தாங்கள் என்னதான் செய்கிறீர்கள்?

சபதம் தவறாத,
விஜயபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
2.2.2025

அன்பான மாமாவுக்கு,

சாம்சனின் ஸ்தோத்திரங்கள். ஆண்டவர் கிருபையில் இருவரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உங்கள் தை 12 எங்கள் கணக்கில் என்ன தேதி என்று தெரியாமல் பக்கத்து வீட்டு பொன்மணி அக்காவிடம் தினசரிக் காலண்டர் வாங்கிப் பார்த்தேன்.

அந்த மோட்டார் ஒரு பொம்மைக் காருக்கு. ஸ்லாட் கார் என்பார்கள். பழைய பேண்டேஜ் குடோன் மாடியில் நாங்கள் சிலர் நீளப் பலகை போட்டு, அதில் காடி என்கிற ஒடுங்கிய பள்ளம் எடுத்து, காடியின் இரு பக்கமும் செம்புப் பட்டை ஒட்டியிருக்கிறோம். காரின் அடியில் இருக்கும் நாக்கு அந்தக் காடிக்குள் இறங்கி ஓடும். கரண்டும் பட்டையிலிருந்து ஏறும். கையில் இருக்கிற விசையை அழுத்த அழுத்த வேகம். வளைவில் கூடுதலாக அழுத்தினால் காடியை விட்டுப் பறந்துவிடும். மேல்கூடு வெறும் பிளாஸ்டிக்தான். உயிர் எல்லாம் அடியில் இருக்கிற சேசிஸில். அதைப் பித்தளைத் தகடும் ஸ்டீல் கம்பியும் வைத்து நாங்களே ஈயம் வைத்துப் பற்றவைக்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், மாமா. பேச வேண்டியதில்லை. காருக்குத்தான் நாக்கு வேண்டும், ஓட்டுகிறவருக்கு வேண்டாம்.

உங்கள் கடிதத்தை வீட்டில் சத்தமாக வாசித்தேன். கேட்டவர் சிரிக்கவில்லை. பிறகு அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. போய்ப் பார்த்தால் கடிதம் அங்கே இருந்தது.

உங்கள் பிரியமுள்ள,
சாம்சன்


ராஜபாளையம்
மாசி 3

திருவாளர் சாம்சன் அவர்களுக்கு,

முழங்கால் நலம். அதன் சொந்தக்காரரும் நலம்.

தங்களைத் தோற்கடிப்பதற்காக நானும் ஒரு கார் கட்டத் தீர்மானித்துவிட்டேன். கௌதம்ராஜிடம் படம் வாங்கி, தகடு வெட்டி, கம்பி வளைத்து, அரை நாளில் சேசிஸ் தயார். தரையில் வைத்தேன். நம்மூர் நாய் கரண்டுக் கம்பத்தைக் கண்டதும் ஒரு காலைத் தூக்குமே, அதே கம்பீரத்தோடு ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. கடைக்கு வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது எலிப்பொறியா" என்றார்.

"ஜிக் இல்லாம பத்தவச்சா அப்படித்தான்" என்கிறார் கௌதம்ராஜ். எல்லாத் துண்டையும் அசையாமல் பிடித்துக்கொள்ளும் அடிப்பலகை என்று விளக்கமும் சொன்னார். எதில் செய்வது என்பதுதான் கேள்வி. கையில் பிளைவுட் இருக்கிறது. லேத் பட்டறையில் அலுமினியக் கட்டி தருவதாகச் சொல்கிறார்கள். கடப்பாக் கல்லும் கைவசம் உண்டு. போதாது என்றால் ஆலங்குளத்திலிருந்து ஒரு குன்றைப் பெயர்த்து வரவும் தயார். எதிரியிடம் யோசனை கேட்பது ராஜதந்திரம் என்பதால் கேட்கிறேன்.

விடை எதிர்பார்க்கும்,
விஜயபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
23.2.2025

அன்பான மாமாவுக்கு,

நாங்கள் சுகம். எலிப்பொறி என்று சொன்னவர் வாழ்க.

அலுமினியம் வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நாம் கொடுக்கிற சூட்டையெல்லாம் அது குடித்துவிடும். ஈயம் ஒட்டினது போல் தெரியும், தட்டினால் உதிரும். பிளைவுட் கருகிப்போய், துண்டுகளைப் பிடிக்க முளை அடித்த துளை தளர்ந்துவிடும். கடப்பாக் கல் சூட்டில் வெடிக்கலாம். உங்கள் கடையிலேயே ஹைலம் ஷீட் இருக்குமே, மோட்டாரில் காயிலுக்கு அடியில் வைப்பது. சூடு தாங்கும், சூட்டை இழுக்காது, மட்டமாக இருக்கும். அதுதான் நல்லது.

அடுத்தது, முளைகளை ஒரே இடத்தில் அடித்து நிறுத்திவிடாதீர்கள். காடி வெட்டி, முன்னும் பின்னும் நகர்கிற மாதிரி ஸ்குரூ போட்டு வையுங்கள். ஒவ்வொரு மேல்கூடும் ஒவ்வொரு நீளம். எங்கள் கார்களில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே நூற்றிரண்டு மில்லிமீட்டர்.

கடைசியாக ஒன்று. ஈயம் இறுகியதும் கை பரபரக்கும். எடுக்காதீர்கள். சூட்டோடு எடுத்தால் உள்ளே இருக்கிற விறைப்பில் முறுக்கிக்கொள்ளும். ஜிக்கிலேயே கிடந்து ஆறட்டும். இதைக் கட்டாயம் எழுதச் சொன்னது நான் அல்ல, உங்கள் பொறுமையை அறிந்த ஒருவர்.

பிரியமுள்ள,
சாம்சன்


ராஜபாளையம்
பங்குனி 4

சாம்சன் அவர்களுக்கு,

உடம்பு சௌகரியம். உள்ளம் போர்க்களம்.

கடப்பாக் கல் வெடிக்கலாம் என்று தாங்கள் எழுதியதாலேயே கடப்பாக் கல்லில் செய்தேன். வெடித்தது. சத்தம் மலையடிவாரம் வரை கேட்டு யானைகள் இடம் மாறியதாகத் தகவல். பிறகு ஹைலத்துக்கு வந்தேன். ஆனால் நகர்கிற ஜிக் எல்லாம் கொள்கை இல்லாதவர்களுக்கு. பாண்டிக்கு ஒரே அளவு. நாலு அங்குலம், முளை அடித்தாயிற்று. தங்கள் மில்லிமீட்டரும் பிப்ரவரியும் தங்களோடு இருக்கட்டும். எனக்கு அங்குலமும் நூலும், மாசியும் பங்குனியும். தங்களுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்த நாளிலிருந்து கடைப் பில்லில்கூடத் தமிழ்த் தேதிதான். வாடிக்கைக்காரர்கள் திட்டுகிறார்கள். வீரர்கள் திட்டுக்கு அஞ்சுவதில்லை.

சூட்டோடு எடுத்தேன். முறுக்கு மாதிரி வந்தது.

அடுப்படியில் கடிதம் வாசிக்கிற நபருக்குப் பனிக்காலத்தில் மூச்சிரைப்பு வருமே. இந்த வருடமும் வந்ததா? பொது அறிவுக்காகக் கேட்கிறேன்.

விஜயபாண்டி


ராஜபாளையம்
பங்குனி 27

சாம்சன் அவர்களுக்கு,

எல்லாரும் சுகந்தானே? பதிலைக் காணோம். தபால்காரரைக் கடைக்குள் உட்காரவைத்து விசாரித்துவிட்டேன், அவர் மேல் குற்றமில்லை. கௌதம்ராஜும் திருப்பூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டாராம். ஆள் இல்லை, சேதி இல்லை. தோல்வி பயத்தில் எதிரி ஒளிந்துகொண்டான் என்று ஊரில் அறிவிக்கலாமா?

ஜிக்கை மறுபடி செய்கிறேன். மூச்சிரைப்பு பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

விஜயபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
27.4.2025

அன்பான மாமாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். ஒளிந்துகொள்ளவில்லை. மில்லில் இரண்டு ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். எனக்கு மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீசியன் வேலை கிடைத்திருக்கிறது. இருவருமே போகிறோம். மூன்று வருடத்துக்கு லீவு கிடையாது. விசா வந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி, வியாழக்கிழமை ராத்திரி இங்கிருந்து கிளம்புகிறோம்.

மூச்சிரைப்பு வந்தது. பிப்ரவரியில் ரொம்பக் கஷ்டப்பட்டாள். இப்போது பரவாயில்லை. இதை எழுத வேண்டாம் என்று மாரி சொன்னாள், எழுதிவிட்டேன்.

நீங்கள் வர வேண்டும் என்று அவள் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. உங்கள் மருமகள்தானே. ஆனால் பாத்திரம் எல்லாம் மூட்டை கட்டியாயிற்று, மாமா. மூன்று தட்டு மட்டும் வெளியே இருக்கிறது. நாங்கள் இரண்டு பேர்தான்.

சாம்சன்


ராஜபாளையம்
விசுவாவசு வருடம், சித்திரை 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மேலே எழுதியிருப்பதை இரண்டு முறை படிக்காதே. ஒரு முறை எழுதுவதற்கே பேனா மூன்று தரம் நின்றது.

உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் கடையைச் சாத்தினேன். எதிர்க்கடைக்காரர் யாராவது பெரிய தலைவர் செத்துவிட்டாரா என்று கேட்டார். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

வருகிறேன். பதினைந்தாம் தேதி. காலண்டரிலும் பார்த்துவிட்டேன், நீ எழுதினபடி வியாழன்தான். யானை மேல் அம்பாரி வைத்து வர எண்ணம், பாகன் ஒத்துக்கொள்ளாததால் பஸ்ஸில் வருகிறேன். நாக்கு அழுகும் விஷயத்தை டாக்டரிடம் கேட்டேன். உடனே அழுகாதாம், பேசித் திரும்பும் வரை தாங்குமாம்.

நாளைக்கே வந்துவிடலாம்தான். ஆனால் வெறுங்கையோடு வந்து நின்று என்ன சொல்வேன்? சேசிஸை நேராகக் கொண்டுவந்து, மேல்கூடு மாட்டி, காரோடு வருகிறேன். கையில் ஒரு சாமான் இருந்தால் பேச்சை அதிலிருந்து ஆரம்பிக்கலாம். அதற்கு நாள் இருக்கிறது.

கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொல்லி அவளிடம் சொல்லாதே. சொன்னால் வைக்க மாட்டாள். சொல்லாவிட்டால் வைப்பாள்.

உன் மாமா,
விஜயபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
7.5.2025

அன்பான மாமாவுக்கு,

சுகம். நேரம் இல்லை, நாலு வரிதான்.

பதினைந்தாம் தேதி மத்தியானச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறோம். ராத்திரி எட்டுக்கு மதுரை போக கார் வருகிறது. என் ஜிக்கை உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன், அங்கே எனக்குத் தேவைப்படாது.

கருவாடு பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நேற்றே வாங்கி வைத்துவிட்டாள்.

சாம்சன்


ராஜபாளையம்
வைகாசி 17

மாரீ,

நீ நல்லா இருக்கியா, தாயி.

பொன்மணிதான் மஸ்கட் விலாசம் தந்தாள். உனக்கு நேராக எழுதுகிற முதல் கடிதம் இது. பட்டம் பதவி எதையும் மேலே போடவில்லை, பார்த்திருப்பாய்.

முந்தாநாள் வந்தேன். வைகாசி பதினைந்து, வியாழக்கிழமை. வெள்ளைச் சட்டை போட்டு, காரை ஒரு மிக்சர் பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் பொதிந்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் பெட்டியில் என்ன என்று கேட்டார். புலிக்குட்டி என்றேன். உங்கள் வீட்டுக் கதவில் பூட்டு. 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்குகிறது.

பொன்மணி வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதான் மாரி மாமாவா" என்றாள். ஆமாம் என்றேன். "அவிய பதினஞ்சாந் தேதி பூரா ஒங்களுக்காக வாசல்லயே நின்னாகளே. போயி ரெண்டு வாரம் ஆச்சே" என்றாள்.

"இன்னைக்குத்தானம்மா பதினஞ்சு" என்றேன்.

அவள் உள்ளே போய்க் காலண்டரை எடுத்துவந்து காட்டினாள். ஒரே தாளில் மேலே பெரிதாக மே 29, கீழே சின்னதாக வைகாசி 15. நீ வாசலில் நின்ற அன்றைக்கு என் கணக்கில் வைகாசி ஒன்று. மாசப் பிறப்பு என்று கடையில் சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, இன்னும் நாள் இருக்கிறது என்று சேசிஸை அரத்தால் ராவிக்கொண்டிருந்தேன். இரண்டு பதினைந்தும் வியாழனாகவா வந்து தொலைக்க வேண்டும்? ஒன்று புதனாக இருந்திருந்தால் விழித்திருப்பேன்.

உன் புருசனைச் சீண்டுவதற்காகப் போட்ட தேதி, மாரி. வேறு எதற்காகவும் இல்லை.

அங்கேயே நின்று உன் நம்பரைப் பிளாக்கிலிருந்து விடுவித்து அடித்தேன். உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொன்னாள். "சரிம்மா" என்றேன். என் சபதத்தை உடைத்தது அந்தப் பெண்ணோடுதான். நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாப்பிட்டுப் போங்க என்று பொன்மணி உட்காரவைத்தாள். ரசம் ஊற்றின பிறகு, "இது அவ ஒங்களுக்குன்னு எடுத்து வச்ச தட்டுத்தான்" என்றாள். அதற்குப் பிறகு என்ன சாப்பிட்டேன் என்று தெரியவில்லை. மாப்பிள்ளையின் ஜிக்கையும் வாங்கிக்கொண்டேன். முளைகள் எல்லாம் காடியில் முன்னும் பின்னும் நகர்கின்றன.

பதில் போடு. திட்டியாவது போடு.

மாமா


மஸ்கட்
29.6.2025

மாமாவுக்கு,

நானும் அவுகளும் சுகமா இருக்கோம். இங்க வெயில் நம்மூர் வெயிலுக்கு அண்ணன். மூச்சிரைப்பு இல்ல. உங்க முழங்காலுக்குத் தைலம் தேய்க்கீகளா?

உங்க கடுதாசி போன வாரந்தான் வந்துச்சு. காலண்டர் கதையைப் படிச்சதும் சிரிச்சுட்டேன், மாமா. எம்புட்டு வருசம் ஆனாலும் இந்த மனுசன் வெளாட்டுல இப்படித்தான் மாட்டுவாருன்னு. பொறவு ரெண்டு நாளா அந்தக் கடுதாசியையே எடுத்து எடுத்துப் படிச்சேன்.

அன்னைக்கு ராஜபாளையம் பஸ்ஸு ஒவ்வொண்ணா வந்துச்சு, போச்சு. ஒவ்வொண்ணுலயும் வெள்ளைச் சட்டையப் பாத்தேன். உங்க நம்பருக்கு அடிச்சேன், போகல. "மாமா காருக்குப் பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருப்பாரு, வந்துருவாரு"ன்னு இவுக சொல்லிக்கிட்டே இருந்தாக. சாயங்காலம் கொழம்பைப் பொன்மணியக்காகிட்ட குடுத்தேன், தட்டையும் சேத்து. வண்டியில ஏறும்போது நெனச்சேன், வாரேன்னு எழுதுனதும் ஒங்க வேடிக்கைதான்னு. வேணும்னே காக்க வச்சீகன்னு.

இப்ப அது இல்லைன்னு தெரியும். கோவமும் இல்ல. ஆனா அன்னைக்கு வாசல்ல நின்னவ இன்னும் உள்ள வரல, மாமா. அவ நின்னுக்கிட்டேதான் இருக்கா.

இங்க புது நம்பர் இருக்கு. இப்ப எழுதல. உங்க சத்தத்தைக் கேட்டா நான் என்ன பேசுவேன்னு எனக்கே தெரியல. சூட்டோட எடுக்கக் கூடாதுன்னு ஒங்களுக்கு எழுதச் சொன்னது நான்தான். கொஞ்ச நாள் ஜிக்குலயே கெடக்கட்டும்.

கடுதாசி போடுங்க. இங்கிலீஷ் தேதியில போடுங்க.

மாரி


ராஜபாளையம்
20.7.2025

மாரீ,

மேலே இருப்பது உலகம் பூராவும் செல்லுபடியாகும் தேதி. தைலம் தேய்க்கிறேன். நலம்.

நம்பர் கேட்க மாட்டேன். போனில் இப்போது யாரையும் பிளாக் பண்ணி வைக்கவில்லை. லோன் வேணுமா என்று கேட்கிறவர்கள்கூட அடிக்கிறார்கள். எல்லாரையும் எடுத்து, யாரு என்று கேட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன்.

மாப்பிள்ளை ஜிக்கில் புதிதாக ஒரு சேசிஸ் பற்றவைத்தேன். முளைகளை அவர் சொன்ன நூற்றிரண்டு மில்லிமீட்டருக்கு நகர்த்தி வைத்தேன். என் நாலு அங்குலத்துக்கும் அதற்கும் மயிரிழைதான் வித்தியாசம், அதற்காகவா அவ்வளவு சண்டை போட்டேன் என்று இருக்கிறது. நாலு சக்கரமும் தரையில் நிற்கும் என்று தெரிகிறது, ஆனால் எடுத்துப் பார்க்கவில்லை. ஈயம் ஆறி எத்தனையோ நாளாகிவிட்டது. ஜிக்கிலேயே கிடக்கிறது. வாடிக்கைக்காரர்கள் கேட்டால் இன்னும் சூடு இருக்கிறது என்கிறேன்.

நீ எப்போது பேச நினைத்தாலும் பேசு, தாயி. உன் கணக்கில் பதினைந்து வரும்போதும் என் கணக்கில் பதினைந்து வரும்போதும் கடையைச் சாத்திவிட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மாதம் ஒன்று போய்விட்டது. ஆடி பதினைந்து வருகிறது.

அதுவும் வியாழன்தான்.

மாமா